தாத்தா பெட்டியில் கிடைத்த பிரசிடென்சி காலேஜ் கார்டு: அது எந்த வருஷத்தது, அவர் எங்கே படித்தார்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இரண்டு படங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று கலரில் அச்சான போஸ்ட்கார்டு, கீழே 'பிரசிடென்சி காலேஜ், மெட்ராஸ்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, ஸ்டாம்ப் ஒட்டவில்லை, ஒரு வரி கூட எழுதவில்லை. இன்னொன்று பிரேம் போட்ட குரூப் போட்டோ. அதில் 'கிறிஸ்டியன் காலேஜ், 1931' என்று இருக்கிறது, ஆனால் பின்னால் தெரியும் கட்டடம் நீங்கள் பார்த்த தாம்பரம் கல்லூரி மாதிரி இல்லை. பழம்பொருள் விற்கும் ஒருவர் ஆன்லைனில் பார்த்துவிட்டு, கார்டு 1870ஆம் வருஷத்தது என்று சொல்லி விலை பேசியிருக்கிறார். கார்டின் வயது என்ன, கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, 'தாத்தா எந்தக் காலேஜில் படித்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை' என்று, உங்களை இங்கே எழுத வைத்தது அதுதான் என்று நினைக்கிறேன். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

இருபது வருஷத்துக்கு மேலாகப் பழைய போட்டோக்களையும் போஸ்ட்கார்டுகளையும் வகைபிரித்துப் பட்டியல் போடுவது என் வேலை, அதில் பாதிக்கு மேல் மெட்ராஸ் படங்கள். இந்த வேலையில் முதலில் பழக வேண்டியது, ஒரு போஸ்ட்கார்டுக்கு மூன்று தேதிகள் உண்டு என்பதை. போட்டோ எடுத்த நாள் ஒன்று, அதை வைத்துக் கார்டு அச்சடித்த நாள் ஒன்று, யாரோ வாங்கித் தபாலில் போட்ட நாள் ஒன்று. இந்த மூன்றுக்கும் நடுவில் இருபது முப்பது வருஷம் இருக்கலாம். ஒரு நல்ல கண்ணாடி நெகடிவ் கையில் இருந்தால் கம்பெனிக்காரர்கள் அதையே திரும்பத் திரும்ப அச்சடித்து விற்றார்கள். உங்களிடம் 1870 என்று சொன்னவர் கட்டடம் திறந்த வருஷத்தை எடுத்துக் கார்டின் தலையில் வைத்துவிட்டார்.

கார்டு 1870ல் அச்சாகியிருக்க வாய்ப்பே இல்லை, இது உறுதி. இந்தியாவில் தபால் இலாகா முதல் போஸ்ட்கார்டை வெளியிட்டதே 1879 ஜூலையில்தான், அதுவும் படமில்லாத காலணா கார்டு. அப்புறம் நீங்கள் போட்டிருக்கும் பின்பக்கத்தைப் பாருங்கள், நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு இருக்கிறது, இடது பக்கம் செய்தி எழுத, வலது பக்கம் விலாசம் எழுத. ஆரம்பகாலப் படக் கார்டுகளில் இந்தக் கோடு கிடையாது. பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கு மட்டும், ஏதாவது எழுத வேண்டுமென்றால் முன்பக்கம் படத்தின் ஓரத்தில்தான் நெருக்கி எழுத வேண்டும். பிரிட்டன் 1902ல் இந்தக் கோட்டை அனுமதித்தது, பிரான்ஸ் 1904, ஜெர்மனி 1905, அமெரிக்கா 1907. ஆகவே நடுவில் கோடு போட்ட உங்கள் கார்டு 1902க்கு முன்னால் அச்சாகியிருக்க முடியாது. அச்சான தேதிக்குக் கீழ் எல்லை இது.

படம் எடுத்த தேதிக்குக் கட்டடத்தையே கேட்க வேண்டும். பிரசிடென்சி கல்லூரி 1840ல் தொடங்கியது, ஆனால் கடற்கரையில் இப்போது நாம் பார்க்கும் கட்டடம் பின்னால் வந்தது. அரசாங்கம் 1864ல் நடத்திய வடிவமைப்புப் போட்டியில் ராபர்ட் சிஸம் ஜெயித்தார், 1867ல் நேப்பியர் பிரபு அடிக்கல் போட்டார், 1870ல் எடின்பரோ கோமகன் திறந்து வைத்தார். பக்கத்தில் இருக்கும் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் சிஸம் கட்டியதுதான், 1879ல் முடிந்தது. அதனால் கல்லூரிப் படம் 1870க்குப் பிறகு. மேல் எல்லைக்கு ஒரு அருமையான அடையாளம் இருக்கிறது. இன்றைக்கு மெரினாவில் போகும் எல்லோரும் பார்க்கும் அந்த நான்கு முகக் கடிகாரம், உச்சியில் இருப்பது, 1940ல் வந்தது. ஃபைசன் என்ற பிரின்சிபாலின் பெயரால் அதை ஃபைசன் கடிகாரம் என்பார்கள். உங்கள் கார்டில் கடிகாரம் இல்லை. யாரும் வேண்டுமென்று அதை அழித்து அச்சடித்திருக்க மாட்டார்கள், ஆகவே படம் 1940க்கு முந்தியது. கார்டின் ஓரத்தில் கடற்கரை நடைபாதை ஒழுங்காகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். மெரினா நடைபாதையை கவர்னர் கிராண்ட் டஃப் 1880களின் நடுவில்தான் அமைத்தார், மெரினா என்ற பெயரும் அவர் வைத்தது. நடைபாதை இருந்தால் கீழ் எல்லை இன்னும் பதினைந்து வருஷம் மேலே வரும். வண்டிகளையும் பாருங்கள். ஜட்கா என்ற குதிரை வண்டி மட்டும் நின்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஜட்கா ரொம்ப வருஷம் ஓடியது. ஒரே ஒரு மோட்டார் கார் நின்றாலும் 1900க்கு அப்புறம் என்று எழுதிவிடலாம்.

கலரைப் பற்றி எழுதியிருந்தீர்கள், 'அந்தக் காலத்தில் கட்டடம் இப்படி இளஞ்சிவப்பாகவா இருந்தது' என்று. அந்தக் கலரை நம்பாதீர்கள். அந்தக் காலத்துக் கலர் கார்டுகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை நெகடிவ்களிலிருந்து வந்தவை. மெட்ராஸில் எடுத்த படத்தை ஐரோப்பாவுக்கு அனுப்புவார்கள், அதிகமாக ஜெர்மனிக்கு, அங்கே அச்சுக்கூடத்தில் ஒவ்வொரு நிறமாக ஏற்றுவார்கள். ஏற்றுகிறவர் மெட்ராஸைப் பார்த்தவர் இல்லை. மேகம் சேர்ப்பார்கள், முன்னால் நிற்கும் மாட்டு வண்டியை மறைப்பார்கள். ஒரே கட்டடம் ஒரு கார்டில் வெள்ளையாகவும் இன்னொன்றில் செங்கல் நிறமாகவும் இருப்பதை நானே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். வடிவத்துக்குக் கார்டு சாட்சி, நிறத்துக்குச் சாட்சி ஆகாது. பின்பக்கம் ஓரத்தில் பொடி எழுத்தில் ஜெர்மனியில் அல்லது அங்கிருக்கும் சாக்ஸனியில் அச்சானது என்று இருந்தால் பெரும்பாலும் 1914 யுத்தத்துக்கு முந்திய அச்சு, யுத்தம் வந்ததும் அந்த வழி அடைபட்டுப் போனது. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், யுத்தம் முடிந்து சில வருஷத்தில் ஜெர்மன் அச்சு மறுபடி வந்தது. தனியாக இதை மட்டும் வைத்துத் தேதி போடக் கூடாது.

வெளியிட்டவர் பெயர் இருக்கிறதா பாருங்கள். மெட்ராஸ் கார்டுகளில் ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், வீலே அண்ட் கிளைன் ஆகிய பெயர்கள் அடிக்கடி வரும், லண்டன் கம்பெனியான ரஃபேல் டக்கின் பெயரும் வரும். படத்தின் மூலையில் ஒரு எண் இருந்தால் அதை வருஷம் என்று நினைத்துவிடாதீர்கள், அது நெகடிவ் எண்ணாகவோ வரிசை எண்ணாகவோ இருக்கும். டக் கம்பெனியின் பதிவேடுகள் இருந்தால் பல கார்டுகளுக்கு நாள் உட்பட சொல்லியிருக்கலாம், ஆனால் 1940 டிசம்பரில் லண்டன் மேல் குண்டு விழுந்தபோது அவர்கள் கட்டடமும் அதிலிருந்த எல்லாமும் எரிந்துபோயின. ஸ்டாம்ப் ஒட்டிய கார்டாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நெருங்கலாம். ஸ்டாம்பில் இருக்கும் ராஜா தலை எட்வர்டா ஐந்தாம் ஜார்ஜா என்று பார்க்கலாம், உள்நாட்டுக் கார்டுக் கட்டணம் 1922ல் காலணாவிலிருந்து அரையணா ஆனது, அதையும் பார்க்கலாம். உங்கள் கார்டில் அது இல்லை. ஆக, நடுக்கோட்டையும் கடிகாரம் இல்லாத உச்சியையும் வைத்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கார்டு 1902க்குப் பிறகு அச்சானது, அதிலுள்ள படம் 1870க்கும் 1940க்கும் நடுவில் எடுத்தது. என் கைப்பழக்கத்தை வைத்து ஊகம் சொல்லச் சொன்னால் 1905 முதல் 1914 வரை என்பேன், ஆனால் அது ஊகம்தான். மொபைலில் எடுத்த படத்தைப் பார்த்து அச்சு முறையைச் சொல்ல முடியாது. ஒரு நல்ல லென்ஸ் வைத்துப் பார்த்து, புள்ளிகள் வரிசையாகக் கட்டம் கட்டியது போல இருக்கின்றனவா, அல்லது சுருங்கிய தோல் மாதிரி ஒழுங்கில்லாத பொடி ரேகைகள் தெரிகின்றனவா என்று எழுதுங்கள், அப்போது இன்னும் கொஞ்சம் சொல்ல முடியும்.

இப்போது குரூப் போட்டோ. எனக்குக் கார்டைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது. அட்டையில் போட்டிருக்கும் பெயரிலும் வருஷத்திலும் தப்பு எதுவும் இல்லை. தாம்பரத்தை மனதில் வைத்துப் பார்ப்பதால்தான் உங்களுக்குக் குழப்பம். 1837ல் ஜான் ஆண்டர்சன் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த கிறிஸ்தவக் கல்லூரி, ஜார்ஜ் டவுனில் ஹைகோர்ட்டுக்கு எதிரே எஸ்பிளனேடில்தான் இருந்தது. இன்று என்.எஸ்.சி. போஸ் ரோடு என்கிறோமே, அங்கே. தாம்பரம் காட்டுக்குப் போனது 1937ல். 1931ல் எடுத்த படத்தின் பின்னணி எஸ்பிளனேடு கட்டடமாக இருந்தால்தான் அது சரி. இதற்கு மாறாக, தாம்பரத்து மரங்கள் நடுவே எடுத்த படத்தில் 1931 என்று போட்டிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

மெட்ராஸ் கல்லூரிகளில் இந்த இடமாற்றம் தெரியாமல் நிறைய பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பச்சையப்பன் கல்லூரி 1940 வரை சேத்துப்பட்டில் இல்லை, அதுவும் ஜார்ஜ் டவுனில்தான், கிரேக்கக் கோயில் போலத் தூண்கள் வைத்து 1850ல் திறந்த பச்சையப்பன் ஹாலை ஒட்டி. ராணி மேரி கல்லூரி 1914ல் தொடங்கியபோது அந்தப் பெயரே இல்லை, மெட்ராஸ் பெண்கள் கல்லூரி என்றுதான் பெயர், 1917ல் மாறியது. அதனால் பழைய பெயர் போட்ட கார்டு கிடைத்தால் மூன்று வருஷ இடைவெளிக்குள் வந்துவிடலாம், இவ்வளவு துல்லியமாகக் கிடைப்பது அபூர்வம். எஸ்பிளனேடு தெருப் படங்களில் டிராம் கம்பி தெரிந்தால் 1895க்கும் 1953க்கும் நடுவில். என்ஜினியரிங் காலேஜ் கிண்டிக்குப் போனது 1920ல், அதற்கு முன் சேப்பாக்கத்தில். இதில் நானே ஒருமுறை தப்பு செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'என்ஜினியரிங் காலேஜ், மெட்ராஸ்' என்று எழுதிய ஒரு படத்தைக் கட்டடத்தைப் பார்க்காமல் பெயரை மட்டும் பார்த்து, கிண்டி என்று பட்டியலில் எழுதிவிட்டேன். நாலைந்து வருஷம் கழித்து ஒரு முதியவர் வந்து, இது சேப்பாக்கம் கட்டடம் என்று விரல் வைத்துக் காட்டினார். அதற்குள் என் பட்டியலைப் பார்த்து இரண்டு பேர் அப்படியே எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து படத்தை முதலில் பார்ப்பேன், எழுத்தைக் கடைசியில் படிப்பேன்.

சரி, தாத்தா எங்கே படித்தார்? குரூப் போட்டோவில் அவர் இருக்கிறார், முகம் தெரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், 1931ல் அவர் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்தார் என்பதை நம்பலாம். போஸ்ட்கார்டு மட்டும் இருந்தால் இந்த அளவுக்குச் சொல்ல மாட்டேன். ஊருக்கு வந்தவர்கள் எல்லோரும் பீச்சுக்குப் போனார்கள், பீச்சில் நிற்கும் அழகான கட்டடம் அது, படிக்காதவர்களும் அந்தக் கார்டை வாங்கினார்கள். ஆனால் பிரசிடென்சியை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. அந்தக் காலத்தில் இன்டர்மீடியட் இரண்டு வருஷம், அப்புறம் பி.ஏ. இரண்டு வருஷம், முதல் இரண்டை ஒரு கல்லூரியிலும் அடுத்த இரண்டை வேறொன்றிலும் படித்தவர்கள் உண்டு. இரண்டு படத்தையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தார் என்பதால் கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கார்டு மட்டும் அதற்கு ஆதாரம் ஆகாது. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் பழைய காலண்டர்களை, அதாவது பட்டம் வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியல் வரும் வருஷாந்தரப் புத்தகங்களை, பாருங்கள், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் விசாரியுங்கள். பெயரோடு அவருடைய அப்பா பெயரின் முதலெழுத்தையும் ஊர்ப் பெயரின் முதலெழுத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள்.

குரூப் போட்டோவை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், போஸ்ட்கார்டு விற்பனைக்காக எடுத்தது. வெள்ளைக்காரப் பயணி எதை வாங்குவாரோ அதுதான் கார்டாக வந்தது. பிரசிடென்சி, செனட் ஹவுஸ், லா காலேஜ் என்று கடற்கரையிலும் எஸ்பிளனேடிலும் இருந்தவை மறுபடி மறுபடி வரும். படிக்கிற பிள்ளைகள் அதில் இருக்க மாட்டார்கள், இருந்தாலும் கட்டடத்தின் அளவு தெரிவதற்காக ஒரு மூலையில் எறும்பு மாதிரி நிற்பார்கள். மிஷன் சங்கங்கள் நன்கொடை திரட்டப் போட்ட கார்டுகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பார்கள், ஆனால் ஒருவர் பெயர் கூட இருக்காது, 'சிறுமிகள் பள்ளி' என்று மட்டும் இருக்கும். கார்ப்பரேஷன் பள்ளிக்கூடங்களுக்குக் கார்டே கிடையாது என்று சொல்லலாம். ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் பள்ளியில் 1920ல் தியாகராய செட்டியார் காலத்தில் மதிய உணவு போட ஆரம்பித்தார்கள், இந்த ஊரின் பள்ளிக்கூட வரலாற்றில் அதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது? இத்தனை வருஷத்தில் அந்தப் பள்ளியின் கார்டு ஒன்று கூட என் கைக்கு வந்ததில்லை. யார் படித்தார்கள், எப்படி உடுத்தினார்கள், தலைப்பாகை கட்டியவர் எத்தனை, கிராப் வைத்தவர் எத்தனை, செருப்பில்லாமல் நின்றவர் எத்தனை என்பதெல்லாம் வீட்டுச் சுவரில் தொங்கும் குரூப் போட்டோக்களில்தான் இருக்கிறது.

கணித மேதை ராமானுஜனின் படம் என்றால் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அவருடைய பாஸ்போர்ட் படம், 1919ல் எடுத்தது. அது எந்தக் கல்லூரியும் பாதுகாத்துக் கொடுத்ததில்லை. பிரசிடென்சியில் 1930ல் படிப்பை முடித்த வானியல் விஞ்ஞானி சந்திரசேகர், 1936ல் ஊருக்கு வந்தபோது, ராமானுஜனின் படம் ஒன்று வேண்டுமென்று கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியர் ஹார்டி கேட்டுக்கொண்டதற்காக, ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப் போய்ப் பார்த்தார். அந்தப் பாஸ்போர்ட் ஜானகி அம்மாளிடம் இருந்தது. அவர் அதைப் பழைய காகிதம் என்று போட்டிருந்தால் அந்தக் கண்களை நாம் இப்படிப் பார்த்திருக்க முடியாது. உங்கள் தாத்தாவோடு அந்த வரிசையில் நிற்பவர்களுக்கும் எங்கோ பேரப்பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் வீட்டில் இந்தப் படம் இல்லாமலும் போயிருக்கலாம்.

அதனால் பத்திரப்படுத்துவதைப் பற்றிக் கொஞ்சம். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். எங்கள் பெரியப்பாவின் 1940களின் பள்ளிக்கூடப் படத்தை நல்லதென்று நினைத்து ஒரு கடையில் கொடுத்தோம், சூட்டில் மேல்பூச்சு உருகி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆசிரியர்களின் முகமெல்லாம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப் போனது, அதைத் திரும்ப எடுக்கவே முடியவில்லை. செலோடேப், பெவிகால் எதுவும் கூடாது. ஆல்பத்தில் வைப்பதானால் பி.வி.சி. கவர் வேண்டாம், பாலியெஸ்டர் கவர் அல்லது அமிலமில்லாத காகித உறை போதும். மெட்ராஸ் புழுக்கத்தில் பூஞ்சைதான் முதல் எதிரி, வெளிச்சுவரை ஒட்டி மாட்டாதீர்கள், பீரோவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். இருட்டான பகுதிகளில் வெள்ளிப் பூச்சு மாதிரி நீலமாகப் பளபளப்பது அழுக்கு இல்லை, துடைக்காதீர்கள், படத்தில் இருக்கும் வெள்ளிதான் மேலே வருகிறது. பழைய அசல் என்பதற்கு அது ஒரு நல்ல அறிகுறி கூட. முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த பெயர்களைத் தனிக் காகிதத்தில் எழுதிக் கூடவே வையுங்கள், படத்தின் பின்னால் எழுதியே ஆக வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் மட்டும்.

விற்பதைப் பற்றி: நான் வாங்கி விற்பதில்லை, அதனால் விலை சொல்ல மாட்டேன். அந்தக் கார்டு பல பிரதிகள் அச்சான சாதாரணக் கார்டு, கொடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை, ஆனால் 1870 என்று சொல்லி யாரிடமும் விற்காதீர்கள். குரூப் போட்டோவை எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள். வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் கல்லூரியிடமோ தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடமோ கேட்டுப் பாருங்கள், குறைந்தபட்சம் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ள வழி சொல்வார்கள்.

இன்னொன்று, இதை இந்த வாரமே செய்யுங்கள். நீங்கள் போட்டிருக்கும் படத்தில் பிரேமின் கீழ்ச்சட்டம் அட்டையை மூடியிருக்கிறது, வருஷத்துக்குக் கீழே ஒரு எழுத்தின் தலை மட்டும் எட்டிப் பார்க்கிறது. இந்த மாதிரிப் படங்களில் நிற்பவர்கள், உட்கார்ந்திருப்பவர்கள் என்று வரிசை வரிசையாகப் பெயர் அச்சடிப்பது வழக்கம். பிரேமைக் குப்புற வைத்து, பின்னால் இருக்கும் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பலகையை மெதுவாகத் தூக்குங்கள். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், அப்படியே நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். ஒட்டாமல் வந்தால் அந்தக் கீழ் ஓரத்தை மட்டும் தனியாக ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், பெயர்களைச் சேர்ந்து படிக்கலாம்.